தூண்டில் முள் எங்கே வாங்குகிறீர்கள்?

பத்து நாளைக்கு முன்னால் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் டெலிவரிக்காரர். கையில் பார்சல் எதுவும் இல்லை.

"மேடம், ரிட்டன் எடுக்க வந்தேன்... தூண்டில்தானே?" என்றார்.

நான் இன்னும் வாயையே திறக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? மூன்று மாதத்தில் இது ஆறாவது ரிட்டன். ஆறுமே தூண்டில் சாமான்கள். எங்கள் திருவேற்காடு ஃப்ளாட்டின் மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் ஓடாத நாட்களிலும் ஏறி இறங்கி, மனிதர் மனப்பாடமே செய்துவிட்டார். "சாருக்கு மீன் மாட்டவே மாட்டேங்குதா மேடம்?" என்று அக்கறையாக வேறு விசாரித்தார்.

மாட்டாதது மீன் இல்லை. என் வீட்டுக்காரர்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் ஆன்லைன் பைத்தியம் புதிதல்ல. துடைப்பத்திலிருந்து மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையம் வரை எனக்குப் படியேறித்தான் வர வேண்டும். ஒரு பொருளை வாங்குவதற்கு முன் நாற்பது ரிவ்யூ படிப்பேன். வாங்கிய பிறகு, நான் செய்தது சரிதானா என்று இன்னும் நாற்பது படிப்பேன்.

வீட்டுக்காரர் பெயர் குணசேகரன். எல்லோருக்கும் குணா. அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் டூல் ரூமில் இருக்கிறார். மெஷினிலிருந்து வரும் பாகங்களைக் கடைசியாக அளந்து பார்த்து 'சரி' சொல்வது அவர் வேலை. தலைமுடி பருமனில் பாதி கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் என் தோசையையும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமையானால் பூந்தமல்லி தாண்டி ஒரு ஏரிக்கரைக்குப் போய்த் தூண்டில் போடுவார். சில வாரம் நாலு ஜிலேபி மீன் வரும். பல வாரம் காலிப் பையும் நல்ல மூடும் வரும். அதுவே போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் அவருடைய பழைய தூண்டில் கம்பின் நுனி உடைந்தது. சரி, பிறந்தநாள் வேறு வருகிறதே என்று நானே ஒன்று ஆர்டர் போட்டேன். கிளம்பியது ரிட்டன் படலம்.

கம்பு வந்தது. தடவிப் பார்த்தார். "வளையமெல்லாம் ரொம்பப் பொடிசா கீது, வேணாம்" என்றார். வேறு வரவழைத்தேன். அதுவும் அதே கதி. ரீல் வந்தது, சுற்றும்போது சத்தம் சரியில்லையாம். முள் பாக்கெட் வந்தது, ஓட்டை சின்னதாம். பெரிய ஓட்டை முள் வந்தது... இது ரொம்பப் பெரிசாம். கடைசியாக ஒரு முழு செட். அதைப் பிரிக்கவே இல்லை.

ஆனால் சனிக்கிழமை அரை நாள் டூட்டி முடிந்ததும் நேரே பூந்தமல்லிக்குப் போய், அங்கே ஒரு கடையில் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வருவார். அதே முள்தான். அதே நரம்புதான். தூண்டிலில் கட்டும் நைலான் இழையை இங்கே நரம்பு என்றுதான் சொல்வார்கள். அவர் கொண்டுவந்ததையும் நான் வரவழைத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவள் நான். அளவுகூட ஒன்றுதான்.

அப்படியானால் அந்தக் கடையில் மட்டும் என்ன இருக்கிறது?

எதிர் ஃப்ளாட் வாசலில் புது செருப்பு ஒரு ஜோடி கிடந்தால், யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. இது சொந்த வீட்டு விஷயம். விடுவேனா?

"யார் கடைங்க அது?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மெகரு அக்கா கடை" என்றார்.

அக்காவா? கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் காதில் விழாத அக்கா. நான் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போனேன். அன்று கத்தரிக்காய் கொஞ்சம் பொடியாகவே நறுக்குப்பட்டது.

அந்தக் கடைக்கு நான் போன கதைக்கு முன் ஆன்லைன் பக்கத்துக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். தூண்டில் ரிவ்யூக்களைப் படித்திருக்கிறீர்களா? பொழுது போகாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்கிறேன். ஒருவர் நல்ல ரீலுக்கு ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறார். காரணம்: 'இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், ஒரு மீனும் வரவில்லை.' இன்னொருவர் ஐந்து ஸ்டார் கொடுத்து, 'இன்னும் பிரிக்கவில்லை, டப்பா நன்றாக இருக்கிறது' என்கிறார். நான் முள் வாங்கிய மறுநாள் ஆப் எனக்கு ஒரு பொருளைச் சிபாரிசு செய்தது... தொட்டியில் வளர்க்கும் அழகு மீன்களுக்கான தீனி. பிடிக்கிற கையும் நீதான், ஊட்டுகிற கையும் நீதான் என்று முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை அவர் டூட்டிக்குப் போனதும் ஷேர் ஆட்டோ பிடித்தேன். உளவு வேலைக்குப் போகிறவள் மாதிரி ஒரு துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டேன். வெயிலுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய தெரு. வாசலில் நைலான் கயிறு, தார்ப்பாய், கொசுவலை என்று தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், பின்பக்கச் சுவர் முழுக்கத் தூண்டில் கம்புகள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. கழுத்தில் ஒரு நாடாவில் நகவெட்டி தொங்கியது. மடியில் ஒரு தெர்மாகோல் துண்டு.

இவர்தான் மெஹ்ருன்னிசா. சுருக்கமாக மெகரு அக்கா. என் சந்தேகம் கடைவாசலைத் தாண்டவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் கொசுவலை பார்க்கிற சாக்கில் ஓரமாக நின்று கவனித்தேன். அந்தம்மா யாருக்கும் எடுத்தவுடன் பொருளைக் காட்டுவதில்லை. முதலில் கேள்வி. எந்த ஏரி? தண்ணீர் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? கரையில் நிற்பாயா, கல்லில் உட்காருவாயா? இரை மண்புழுவா, மைதாவா? பதில் வந்த பிறகுதான் கை பெட்டிக்குள் போகும்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக நான் வாங்கிக் குவித்தேன். என் ஆப் ஒரு தடவைகூட எந்த ஏரி என்று கேட்கவில்லை. அது கேட்டதெல்லாம் பின்கோடு மட்டும்தான். கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையோடு ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார். அந்தம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது கடலுக்கானது தம்பி, ஏரியில் போட்டால் மீன் பயந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும் என்றார். சின்னதாக ஒரு பாக்கெட் கொடுத்தனுப்பினார். பெரிய வியாபாரம் கைநழுவியதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்ததுதான் விசேஷம். மற்றவர்கள் யாரும் முள்ளைப் பாக்கெட்டாக வாங்கவில்லை. அந்தம்மா ஒவ்வொரு முள்ளாக எடுத்து, நரம்பை ஓட்டையில் கோத்து, சுற்றி, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி, மிச்ச நுனியை நகவெட்டியால் நறுக்கி, தெர்மாகோலில் குத்தி வைக்கிறார். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு முள். அவர் கட்டுகிற நேரம் முழுக்க வாங்க வந்தவர்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, போன வாரம் தப்பித்துப்போன விரால் மீனைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அது வாரத்துக்கு வாரம் நீளமாகும் என்று நினைக்கிறேன்.

நான் அவர்களுடைய வயதைக் கவனித்தேன். எல்லோருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். சட்டைப் பையில் கண்ணாடி துருத்திக்கொண்டு நிற்கிறது. மூக்குக்கு மட்டும் வரவில்லை.

ஆகா... இவ்வளவுதானா விஷயம்? வெள்ளெழுத்து. இத்துனூண்டு ஓட்டையில் நரம்பு கோக்கக் கண் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனசில்லை. என் வீட்டுக்காரருக்கும் அதேதான். வளையம் பொடிசு, ஓட்டை சின்னது... எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. எனக்கு நானே தோளில் தட்டிக்கொள்ளாத குறை. போனை எடுத்து அங்கேயே நின்று படிக்கிற கண்ணாடி தேட ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாம்மா வேணும்?" அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.

தூண்டில் முள் என்றேன். யாருக்கு என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு என்றேன். எந்த ஏரி? நான் விழித்தேன். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லு என்றார். சொன்னேன்.

அவர் கை நின்றது. "குணாண்ணன் ஊட்டுக்காரம்மாவா நீ?"

முகமெல்லாம் சிரிப்பு. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேஜைக்கடியிலிருந்து ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்தார். இருபது முள், கட்டி, வரிசையாகக் குத்தி, தயாராக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு உதிரியாகக் கொடுப்பதே இல்லையாம். கம்பு வளையத்தில் நரம்பைக் கோத்து, ரீலிலும் ஏற்றித்தான் கொடுப்பாராம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

நான் எல்லாம் தெரிந்தவளாகச் சிரித்தேன். கண்தானே அக்கா, ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன்.

அந்தம்மா சிரிக்கவில்லை. நகவெட்டியை இரண்டு தடவை திறந்து மூடினார்.

"அண்ணனுக்குக் கண்ணு நல்லாத்தான் கீதும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சொல்லி நீ தெரிஞ்சிக்கக் கூடாது. ஒருவாட்டி அவரு முள்ளு கோக்கறப்போ பக்கத்துல ஒக்காந்து பாரு" என்றார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது.

முன்பெல்லாம் சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் டைனிங் டேபிள் என் கையில் இருக்காது. நியூஸ்பேப்பர் விரித்து, முள்ளும் நரம்பும் ஈயக்குண்டுமாகப் பரப்பிக்கொண்டு அவர்தான் உட்கார்ந்திருப்பார். நான் கத்துவேன். ஒரு தடவை சப்பாத்தி மாவில் முள் கிடந்தது என்று ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் டேபிள் காலியானது. போன வருடத்துக்கு முந்தைய தீபாவளி சமயம் இருக்கும். அப்பாடா, மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

எதிர் வீட்டுச் செருப்புக்கு மண்டையை உடைத்துக்கொள்கிற நான், என் வீட்டு டேபிள் ஏன் காலியானது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு வசதியாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பி முடிந்ததும் டேபிளில் நானே நியூஸ்பேப்பர் விரித்தேன். ரிட்டன் போகாமல் தங்கியிருந்த ஒரு முள்ளையும் ஒரு முழம் நரம்பையும் வைத்தேன். எனக்கும் முள் கட்டக் கற்றுக்கொடுங்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நேரமாகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முள்ளை இடது கையில் பிடித்தார். வலது கையில் நரம்பு. நுனி ஓட்டைக்கு நேராக வந்தது. வந்ததும் விலகியது. ஓட்டைக்கு மேலே, கீழே, பக்கத்தில் என்று சுற்றிச்சுற்றி வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை.

"ஃபேன் காத்துல ஆடுது" என்றார்.

நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.

இறக்கை மெல்ல நின்றது. நரம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் முதலில் அந்தக் கையைப் பிடித்தேன்.

அப்புறம் சொன்னார். ஒன்றரை வருடமாகிறதாம். முதலில் தூக்கமில்லாமல் இருக்கும் என்று நினைத்தாராம். வேலையில் முழங்கையை மேஜையில் அழுத்தி ஊன்றிக்கொண்டுதான் அளக்கிறாராம். ஊன்றிக்கொண்டால் ஆட்டம் தெரியாதாம். டீ கிளாஸில் பாதிக்கு மேல் ஊற்ற விடுவதில்லையாம். வேலை போய்விடும் என்று பயமா என்று கேட்டேன்.

"வேல இல்ல விஜி. அளவு பாக்கற கை இது. இதுவே ஆடிச்சின்னா, அப்பால நான் இன்னாத்துக்கு?"

எனக்கு அழுகை வந்தது. அவர் ஏரிக்குப் போகவில்லை.

புதன்கிழமை அம்பத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பத்து விரலையும் நீட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து கொசுவத்திச் சுருள் மாதிரி வரையச் சொன்னார். வாழ்நாள் முழுக்க அளவு பிசகாத மனிதர், அந்தச் சுருளைக் கோணல்மாணலாக வரைந்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அவர் யோசித்து, அப்பா டம்ளரை எப்போதும் இரண்டு கையாலும்தான் பிடிப்பார் என்றார். டாக்டர் தலையாட்டினார். சில குடும்பங்களில் வருகிற கைநடுக்கம், பெரும்பாலும் அதுதான் என்றார். எதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம், மாத்திரை இருக்கிறது, காப்பியைக் குறையுங்கள், வேலைக்குத் தாராளமாகப் போங்கள் என்றார்.

வீட்டுக்காரர் நம்பவில்லை. அப்போ அந்த வியாதி இல்லையா என்று, நடுக்கத்தில் தொடங்கி ஆளையே முடக்கிவிடும் ஒன்றின் பெயரைச் சொன்னார். அதன் அடையாளம் எதுவும் இப்போது தெரியவில்லை என்றார் டாக்டர். நிஜமாகவா என்று இவர் திரும்பவும் கேட்டார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாளாகப் போனில் படிக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஒன்றரை வருடமாகத் தினமும் படித்திருக்கிறார். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில். எத்தனை வருடத்தில் கட்டிலோடு கிடப்பார் என்பது வரை மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாராம். ஒரு முள்ளைக்கூட நேரில் தொட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்ற மனிதர், வியாதியை மட்டும் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்திருக்கிறார்!

கடையா, ஆன்லைனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்கே எனக்குத் துணி சோப்பு பார்சலில் வருகிறது. ஆனால் ஒன்றை யோசிக்கிறேன். மெகரு அக்காவுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக அவர் கை நடுங்குவது தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, பேசாமல் முள்ளைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் ஆப்புக்கு என் செருப்பு அளவு தெரியும், அடுத்து என்ன வாங்குவேன் என்று தெரியும். ஆறு ரிட்டனில் அதற்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆப்பைக் குறை சொல்வானேன்... எனக்கே தோன்றவில்லையே.

டாக்டரிடமிருந்து திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேவிட்டேன். கடைக்காரம்மாவுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"சொன்னா நீ ஒடனே எதனா ஆர்டர் போட்ருப்ப விஜி. ஒக்காந்து கேட்டிருக்க மாட்ட."

கோபம் வந்தது. ஆனால் அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில், கைநடுக்கத்துக்குக் கட்டிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை நான் ஆர்டர் செய்து முடித்திருந்தேன். நாலரை ஸ்டார்.

போனை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ரத்து செய் என்பதை அழுத்தினேன். என்ன காரணம் என்று கேட்டு ஒரு பட்டியல் நீட்டியது. 'தவறுதலாக ஆர்டர் செய்துவிட்டேன்' என்பதைத் தொட்டேன்.